சத்தமில்லாமல் ஊருக்கே சொன்னது

பள்ளிபாளையம்,
ஞாயிறு பிற்பகல்.

அன்பும் மரியாதையும் நிறைந்த குமரகுரு மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் அறிவுச்செல்வி வணங்கி எழுதுவது. இங்கே நான் நலம். வீடும் நலம், தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. அம்மாவும் நலமாகத்தான் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். அதை அவளிடமே கேட்டு உறுதி செய்துகொள்ள முடியாத நிலைமை. அதனால்தான் இந்தக் கடிதம். நாக்பூரில் நீங்களும் உஷாராணி அத்தையும் குழந்தை மோனிஷாவும் சுகமாக இருக்கவும், உங்கள் லாரி புக்கிங் ஆபீஸில் லோடு குறையாமல் இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்காகத் தபால் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். மாமா, கோபித்துக்கொள்ளக்கூடாது. உங்களுக்குப் போன் செய்தால் முதல் காரியமாக அதை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிடுகிறீர்கள். ஆடி மாதம் எனக்கு வயிறு சரியில்லாதபோது அத்தையிடம் மருந்து கேட்டுச் சொல்லும்படி உங்களிடம் மெதுவாகத்தான் சொன்னேன். பின்னாலிருந்து சங்ககிரி டிரைவர் ஒருவர், "வெந்தயத்த மோருல போட்டு முழுங்கச் சொல்லுங்க" என்றார். இன்னொருவர், "எத்தன தடவ போச்சுன்னு கேளுங்க" என்றார். நீங்களும் கேட்டீர்கள். நானும் சொன்னேன். சங்ககிரி லாரிகள் இந்தியா முழுக்கப் போகின்றன என்பதை நினைத்து அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தரங்கமான விஷயம் என்றால் இனித் தபால்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தையும் தயவுசெய்து சத்தமாகப் படிக்க வேண்டாம்.

உங்கள் அக்கா போனில் பேசும் விதம் உங்களுக்குத் தெரியாததல்ல. இருபத்தாறு வருடம் விசைத்தறி ஓடும் குடோனில் நின்ற குரல் அது. வங்கியில், பேருந்து நிலையத்தில், கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில், எங்கே கூப்பிட்டாலும் எட்டுத் தறிகளைத் தாண்டிக் கேட்கும்படிதான் அவளுக்குப் பேச வரும். அவளுக்குப் பதில் சொல்கிறவர்களும் எட்டுத் தறிகளைத் தாண்டித்தான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், "ஆ? என்ன சாமி? டவர் இல்ல!" என்பாள். டவர் இல்லை என்று இரண்டு கம்பெனி மாற்றினோம். ஸ்பீக்கர் சரியில்லை என்று மூன்று போன் மாற்றினோம். எங்கள் வீட்டில் அம்மாவின் காதைத் தவிர எல்லாமே பழுதாகத்தான் இருந்தது.

நான் சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே சுவரில் 'அலைபேசியில் பேசாதீர்' என்று இருக்கும் பலகை என் கையெழுத்தில் எழுதியது. அந்தப் பலகைக்குக் கீழேதான் என் நாற்காலி. பங்குனியில் ஒரு நாள் அம்மா கூப்பிட்டாள். எடுத்து, "பொறவு பேசறேம்மா" என்று முணுமுணுத்தேன். "சத்தமாப் பேசு சாமி, டவர் இல்ல! தலைக்கு ஊத்துனியா? பேனு போச்சா இல்லியா?" என்றாள். ஸ்பீக்கர் போடவே இல்லை மாமா, போன் என் காதில்தான் இருந்தது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நாற்பது பிள்ளைகளும் நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த முதல்வர், "யாரும்மா லைன்ல?" என்று கேட்டார். "ராங் நம்பர் சார்" என்றேன். ராங் நம்பருக்கு என் தலையில் பேன் இருப்பது எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர். ஆனால் பெற்றவளை ராங் நம்பர் என்று சொல்லிவிட்டேனே என்று அன்று சாயங்காலம் வரை எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. இதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. உங்களிடம்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த அதிசயம் நடந்தது. அம்மா கை தவறி வீடியோ காலில் வந்துவிட்டாள். திரையில் முக்கால் பாகம் நெற்றியும் மீதி மின்விசிறியும் தெரிந்தன. நான் பயத்தில் குரலே எடுக்காமல், வாயை மட்டும் அசைத்து, 'லைப்ரரில இருக்கறேன், அஞ்சு மணிக்குக் கூப்புடறேன்' என்றேன். அவள் ஒரு "ஆ?" கூடக் கேட்கவில்லை. 'செரி கண்ணு, சாப்புட்டியா?' என்று வாய் தெரியும்படி போனைத் தள்ளிப் பிடித்து, அவளும் வாயை மட்டும் அசைத்துக் கேட்டாள். 'சாப்பிட்டேன், புளிச்சாதம்' என்றேன். 'ஆஸ்டல் புளிச்சாதம் உனக்கு ஆகாதே' என்றாள். மாமா, என் அம்மாவுக்கும் எனக்கும் 'டவர்' என்ற வார்த்தையே இல்லாமல் ஒரு பேச்சு நடந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. தறிச் சத்தத்துக்குள் நின்று நின்று அவள் காதால் கேட்பதை விட்டுவிட்டுக் கண்ணால் கேட்கப் பழகியிருக்கிறாள். இவ்வளவு நாளும் நாங்கள்தான் அவள் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தோம்.

அன்று தினமும் கேட்கிற கேள்விகள் என்பதால் புரிந்தது; மற்றபடி அவள் உதட்டைப் படிக்க எனக்குத்தான் ஒரு மாதம் ஆனது. முதல் வாரம் அவள் கத்தரிக்காய் என்று சொன்னதற்கெல்லாம் நான் கல்யாணத்துக்குச் சம்மதம் இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு பழகிவிட்டது. ஒரு நாள் விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் பேசினோம், ஒரு சொட்டுச் சத்தமில்லாமல். அப்பா இறந்துபோன வருடத்தை அவள் எப்படிச் சமாளித்தாள் என்று அன்றுதான் கேட்டேன். கத்திக் கேட்கக்கூடிய கேள்வியா அது? அவளும் சொன்னாள். நிறையச் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

இந்தக் கலையைக் கற்றுக்கொண்டதும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பேருந்திலும் கடையிலும் யாராவது போனில் கத்தினால், அவர்களை ஒரு பார்வை பார்ப்பேன். நாகரிகம் என்றால் என்ன என்று என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்ற பார்வை. நாட்டில் எல்லோரும் இப்படிப் பேசினால் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று பத்திரிகைக்கு ஒரு கட்டுரைகூட எழுத ஆரம்பித்தேன். நல்லவேளையாக முடிக்கவில்லை.

தைரியம் வந்ததும் அவளைச் சேலத்தில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். கோயிலுக்குப் போகிறோம் என்று எங்கள் லைன் வீட்டு வரிசையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் சரியாக அமுக்கினாள். இருபத்தாறு வயதுக் காது போல இருக்கிறதே என்று சோதனை செய்த பெண்ணுக்கு ஒரே ஆச்சரியம். பிறகுதான் தெரிந்தது, சத்தம் கொடுக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் புருவம் லேசாக ஏறி இறங்கியிருக்கிறது. அம்மா புருவத்தைப் பார்த்து அமுக்கியிருக்கிறாள். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டபிறகு, பட்டன் ஒரே ஒருமுறைதான் அமுங்கியது. அதுவும் தப்பு.

இரண்டு காதுக்கும் மெஷின் வேண்டும் என்றார் டாக்டர். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. முதலாளி ஜீவாவுக்குத் தெரிஞ்சா என்னத் தறில இருந்து எறக்கித் தார்க்குச்சில நூல் சுத்த உட்ருவான். தெருவுல செவிட்டு மாரக்காம்பாங்க. உசுரு போனாலும் சொல்லிராத சாமி." உயிர் போனாலும் சொல்ல மாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தேன். இப்போது யோசித்தால், உயிர் போயிருந்தால்தான் சொல்லாமல் இருந்திருப்பேன் போலிருக்கிறது.

போன சனிக்கிழமை மெஷின் வந்துவிட்டது. டப்பாவைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஈரோடு பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன் சீட்டில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர், தன் மச்சினனின் நிலத் தகராறு முழுவதையும் போனில் சொல்லிக்கொண்டு வந்தார். நிமிடத்துக்கு ஒருதரம், "இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்று பேருந்தின் கடைசி சீட் வரை கேட்கும்படி சொன்னார். அவரை நான் என் பார்வையைப் பார்த்தேன். வெப்படை நிறுத்தத்தில் ஷிப்ட் முடிந்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர் ஏறினார்கள். சிலருக்கு இடம் கிடைத்தது, மீதிப் பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். அப்போது அம்மா வீடியோவில் வந்தாள். அன்றைக்கு அவள் காலை ஷிப்ட் முடிந்து வீட்டில் இருந்தாள்.

நான் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, என் வழக்கப்படி மிக நாகரிகமாக, ஒரு மூச்சுக் காற்றுகூட வெளியே வராமல் சொன்னேன். 'மெஷின் வந்துருச்சும்மா. தோல் கலரு. காதுக்குள்ள போயிரும். முடிய இறக்கி உட்டுக்கிட்டா ஒரு காக்கா குஞ்சுக்கும் தெரியாது. ஜீவா முதலாளி பக்கத்துல வந்து நின்னாக்கூடக் கண்டுபுடிக்க முடியாது. கோயிலுக்குப் போனோம்னு சொன்னதயே எல்லார்கிட்டயும் சொல்லு. அந்த டாக்டர் சொன்னாரில்ல, இன்னும் ரண்டு வருசம் உட்டிருந்தா சுத்தமாப் போயிருக்குமாம்.' இப்படி வெப்படையில் ஆரம்பித்து இரண்டு நிறுத்தம் வரைக்கும் சொன்னேன். அதற்குள் என்னைச் சுற்றிப் பேச்சு அடங்கியிருந்ததைக் கவனித்தேன். என் முன்மாதிரி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நடைவழிக்கு அந்தப்பக்கச் சீட்டிலிருந்து ஓர் அம்மா சாய்ந்து என் முழங்காலைத் தட்டினார். "ஏஞ்சாமி, அதுக்கு பேட்டரி எத்தன நாளைக்கு வரும்?"

"எதுக்குங்க?" என்றேன்.

"உன்ற அம்மா காது மெஷினுக்குத்தான்."

டப்பா இருந்த கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டேன். தலைக்கு மேலே கம்பியைப் பிடித்து நின்ற பெண் குனிந்து, "முடிய இறக்கி உடச் சொல்லாத கண்ணு. தறில சிக்கிக்கும். கொண்ட போட்டு அதும்மேல துண்டக் கட்டிக்கச் சொல்லு" என்றாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி, "சேலத்துல எந்த டாக்டரு? ஞாயித்துக்கெழம இருப்பாருங்களா?" என்றாள்.

"உங்களுக்கெல்லாம் எப்புடிங்க..." என்று நான் இழுத்தேன்.

முழங்காலைத் தட்டிய அம்மா சிரித்தார். அவர் பெயர் முத்தாயம்மாள், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். "நாங்களும் தறிச் சத்தத்துக்குள்ள வாயப் பாத்துத்தானே சாமி பொழைக்கறோம். நீ வேற நல்லா எழுத்தெழுத்தாத் தொறந்து தொறந்து பேசற. குடோனுக்குள்ள ஒருத்தியும் இத்தன தெளிவாப் பேச மாட்டா" என்றார்.

நான் கடைசி நம்பிக்கையாக முன் சீட்டுக்காரரைக் காட்டி, "அப்ப அவரு பேசுனது?" என்றேன்.

"அவரு ஏதோ பேசறாருன்னு தெரியுது. முதுகக் காட்டிட்டு உக்காந்திருந்தா என்னத்தக் கேக்கறது?" என்றார் முத்தாயம்மாள்.

மாமா, அந்தப் பேருந்தில் ரகசியமாகப் பேசியவர் அவர்தான். கத்தினாரே, அவர்தான்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முத்தாயம்மாள் எழுந்துவந்து, என் தோளுக்குப் பக்கத்தில் தன் முகத்தைக் கொண்டுவந்து, போனைப் பார்த்து, வாயை மட்டும் அசைத்து, 'மாரக்கா, நீயுமா?' என்று கேட்டுவிட்டார். திரையில் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சேலைத் தலைப்பு காதை மூடப் போனது. அப்புறம் திரை இருண்டுவிட்டது.

அன்றிலிருந்து எட்டு நாளாகிறது, அம்மா என்னோடு பேசவில்லை. சாதாரண அம்மாக்கள் கோபித்துக்கொண்டால், நாம் பேசுவதாவது அவர்கள் காதில் விழும். கண்ணால் கேட்கிறவளோடு சண்டை வந்தால் அதற்கும் வழியில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டால் போதும், நான் ஊமை. போன ஞாயிறு முழுக்க அவள் முகம் திரும்பிய பக்கமெல்லாம் ஓடிப்போய் நின்றேன். அடுப்புக்கும் அவளுக்கும் நடுவில் நுழைந்து மன்னிப்புக் கேட்டபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள், அரிசி பொங்கி என் காலில் ஊற்றியது. 'ஐயோ' என்று நான் அலறியதும் அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் கண்ணைத் திறந்து, என் காலைப் பார்த்துவிட்டு, எண்ணெய் எடுத்துவந்து தடவினாள். தடவி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. திங்கட்கிழமை நான் சேலம் போனபிறகு வாரம் முழுக்கப் போனை எடுக்கவில்லை. நேற்று வந்தேன். சோறு போட்டாள். குழம்பில் உப்பு சரியாக இருந்தது. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது, கோபத்திலும் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறாள்.

வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை மாமா. அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஜீவா முதலாளிக்கு விஷயம் போய்ச்சேர்ந்து, அவர் முத்தாயம்மாளிடம், "மாரக்காளுக்குக் காது கேக்காதுன்னு ஆறு வருசமா எனக்குத் தெரியுமுங்க. இங்க கேக்கறவ எவ இருக்கறா? சேல நல்லா வருதில்ல, உடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அதை முத்தாயம்மாள் என்னிடம் தெருவில் நின்று, ஊருக்கே கேட்கும்படி சொன்னார். ஆகவே அம்மாவின் கோபம் வேலையைப் பற்றியது இல்லை. அவள் ஒருத்தியிடம் ஒன்றைக் கொடுத்து வைத்தாள், அந்த ஒருத்தி அதை நிறைந்த பேருந்தில் கொட்டிவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். அதை என்ன வாயால் நான் சரிசெய்வது?

மெஷின் டப்பா பிரிக்காமல் பீரோவுக்கு மேலே இருக்கிறது. வாங்கிய பிறகு நாள்தோறும் போடப் போடத்தான் காது பழகும், சும்மா வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என்னால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அம்மா யார் பேச்சையாவது கேட்பாள் என்றால் அது உங்கள் பேச்சுத்தான். அதனால் இதைப் பார்த்ததும் அடுத்த லாரியிலேயே கிளம்பி வரவேண்டும். வந்து அவளுக்கு நேரே உட்கார்ந்து, வெளிச்சத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, மீசையை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, மூன்று விஷயம் சொல்லவேண்டும். நான் வேண்டுமென்று செய்யவில்லை. காது கேட்காதது வெட்கப்படும் விஷயமில்லை, பேருந்தில் இருந்த பாதிப் பேர் டாக்டர் விலாசம் கேட்டார்கள். மூன்றாவது, அவளோடு பேசாத இந்த எட்டு நாளில் நான் யாரோடும் பேசவில்லை, நூலகத்தில் இருப்பவள் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. போனில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எதிரே கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள், தூங்குகிறாள் என்று நினைக்கிறேன்.

அத்தைக்கு என் அன்பான வணக்கம். மோனிஷாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். மேசையைச் சுற்றி நிற்கும் சங்ககிரி டிரைவர்களுக்கும் வணக்கம், வயிறு அன்றே சரியாகிவிட்டது. எல்லோரும் நீடூழி நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்நோக்கும்
அறிவுச்செல்வி

பி.கு.: மாமா, கிளம்ப வேண்டாம். எழுதும்போது எனக்கு உதடு அசையும் பழக்கம் உண்டாம். இருபத்தேழு வயதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பள்ளிபாளையம் ஞாயிறு பிற்பகல் என்பதிலிருந்து உங்கள் மீசை வரைக்கும் மொத்தக் கடிதத்தையும் அம்மா கட்டிலில் படுத்தபடியே என் வாயிலிருந்து படித்துவிட்டாள். நிமிர்ந்தபோது அவள் கண் என் உதட்டின் மேல் இருந்தது; எந்த இடத்தில் கண்ணைத் திறந்தாய் என்று கேட்டேன். "மூடுனாத்தான தொறக்கறதுக்கு" என்றாள். எட்டு நாள் கழித்து அவள் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் அது. அப்புறம் நெடுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த டப்பாவ எடு" என்றாள். எடுத்துக்கொடுத்தேன். இரண்டு காதிலும் போட்டுவிட்டேன். இந்தப் பின்குறிப்பை எழுத உட்கார்ந்தபோது திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்து, "அதென்ன, கரகரன்னு?" என்றாள். பேனா அம்மா, என்றேன். அதற்கு நான் கத்தவில்லை. "பேனா இத்தன சத்தமா போடும்?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். நிறுத்த வேண்டாம், இன்னும் கொஞ்சம் எழுது என்கிறாள். எழுத விஷயம் ஒன்றும் இல்லை மாமா, இருந்தாலும் எழுதுகிறேன்.